மூடாத கடைக்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பெரும்புயல் ஒன்று கரையைக் கடந்த மறுநாள், மக்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: ‘வாஃபிள் ஹவுஸ் திறந்திருக்கிறதா?’ பசித்தவர் மட்டும் கேட்கும் கேள்வி அல்ல அது. அந்தச் சிற்றுண்டிக் கடை திறந்திருந்தால் ஊர் தப்பியது என்று பொருள். மூடிக்கிடந்தால் நிலைமை மிக மோசம் என்று பொருள். அந்நாட்டின் பேரிடர் மேலாண்மைத் துறைக்குத் தலைமை வகித்தவரே இதை ஓர் அளவுகோலாகப் பயன்படுத்தினார்.

காலைச் சிற்றுண்டி விற்கும் ஒரு கடை, வல்லரசு ஒன்றின் பேரிடர் அளவுகோலாக மாறியது எப்படி? அந்தப் பெருமைக்கான விலையை உண்மையில் யார் தருகிறார்கள்? முதல் கேள்விக்கான விடை பலராலும் ரசித்துச் சொல்லப்படுவது. இரண்டாவது கேள்விக்கான விடைதான் இன்றைய அமெரிக்காவைப் புரிந்துகொள்ள நமக்கு உதவும் என்று கருதுகிறேன்.

நெடுஞ்சாலையின் பிள்ளைகள்

கோதுமை மாவு, முட்டை, பால் ஆகியவற்றைக் கரைத்துக் கல்லில் தடிமனாக வார்த்தால் பான்கேக். ஏறத்தாழ அதே கரைசலைக் கட்டம் கட்டமான இரும்பு அச்சில் ஊற்றிச் சுட்டால் வாஃபிள். இவற்றோடு முட்டை, துருவி வறுத்த உருளைக்கிழங்கு, பன்றி இறைச்சித் துண்டுகள், அளவின்றி ஊற்றப்படும் காபி. அமெரிக்கக் காலையுணவு என்பது பெரும்பாலும் இவ்வளவுதான். இதை மட்டுமே மூலதனமாகக் கொண்டு, 1950களில் மூன்று பெரும் உணவக நிறுவனங்கள் அங்கே முளைத்தன.

1953இல் கலிபோர்னியாவின் லேக்வுட் நகரில் டோனட் கடையாகத் தொடங்கியது டென்னிஸ். 1955இல் அட்லாண்டாவை ஒட்டிய ஏவன்டேல் எஸ்டேட்ஸ் என்ற சிற்றூரில், அண்டை வீட்டுக்காரர்களான ஜோ ரோஜர்ஸ், டாம் ஃபோர்க்னர் இருவரும் வாஃபிள் ஹவுஸைத் திறந்தனர். 1958இல் கலிபோர்னியாவின் டொலூகா லேக்கில் பிறந்தது ‘இன்டர்நேஷனல் ஹவுஸ் ஆஃப் பான்கேக்ஸ்’. அதுவே பின்னாளில் ஐஹாப் எனச் சுருங்கியது. இந்த ஆண்டுகளுக்கு நடுவே, 1956இல், மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைகளுக்கான சட்டம் நிறைவேறியது என்பதைக் கவனிக்க வேண்டும். கார்களும் சரக்கு லாரிகளும் பெருகின. ஆலைகளில் இரவுப் பணி பெருகியது. எந்நேரத்தில் கேட்டாலும் காலையுணவு கிடைக்கும் இடம் ஒன்று நெடுஞ்சாலைத் திருப்பங்கள்தோறும் தேவைப்பட்டது.

வணிகக் கணக்கும் ஒத்துவந்தது. மாவு, முட்டை, உருளைக்கிழங்கு ஆகியவை விலை மலிந்தவை. சில நிமிடங்களில் வெந்துவிடுபவை. தட்டு ஒன்றின் விலை குறைவாக இருந்தாலும், ஒரே இருக்கையில் ஒரு நாளைக்குப் பலரை அமர்த்திவிட முடியும். இந்தக் கணக்கில் மலிவாக இருக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. அது உழைப்பு.

மூன்றிலும் வாஃபிள் ஹவுஸின் இடம் தனித்துவமானது. அமெரிக்காவின் 25 மாநிலங்களில் ஏறத்தாழ 2,000 கடைகள்; அவற்றில் பெரும்பாலானவை தென்பகுதியில். ஆண்டின் எல்லா நாள்களிலும், நாளின் எல்லா மணி நேரங்களிலும் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும் என்பதே அதன் அடையாளம். கதவுகளுக்குப் பூட்டே கிடையாது என்று அங்கே வேடிக்கையாகச் சொல்வார்கள்.

ஜார்ஜியாவின் நெடுஞ்சாலை ஓரத்துக் கடை ஒன்றில், நள்ளிரவு கடந்து இரண்டு மணிக்கு உணவருந்தியது எனக்கு நினைவிருக்கிறது. பரிமாறும் பெண் எதையும் சமையற்காரரிடம் எழுதித் தரவில்லை. குறிப்பிட்ட இடத்தில் நின்று உரக்கச் சொன்னார். சமையற்காரரும் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. வெற்றுத் தட்டுகளின் ஓரத்தில் ஒரு ஜாம் பொட்டலத்தையும் கடுகுப் பொட்டலத்தையும் ஊறுகாய்த் துண்டையும் வெவ்வேறு நிலைகளில் வைத்துக்கொண்டே போனார். எந்தப் பொருள் தட்டின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதை வைத்தே யாருக்கு என்ன உணவு, முட்டை எந்தப் பதத்தில் என்பது விளங்கிவிடும். அந்நிறுவனத்தில் பல்லாண்டுகளாக வழங்கிவரும் குறியீட்டு முறை அது. ‘திறன் தேவைப்படாத வேலை’ என்று பொருளாதார அறிக்கைகள் வகைப்படுத்தும் வேலை எவ்வளவு நினைவாற்றலைக் கோருகிறது என்பதை அன்று கண்ணெதிரே கண்டேன்.

பச்சை, மஞ்சள், சிவப்பு

2004இல் ஃபுளோரிடா மாநிலத்தைச் சார்லி புயல் தாக்கியபோது, அம்மாநிலப் பேரிடர் மேலாண்மைப் பிரிவின் தலைவராக இருந்தவர் கிரெய்க் ஃபியூகேட். சேதத்தை மதிப்பிடச் சென்ற அவரது குழுவினரின் அனுபவத்திலிருந்து ‘வாஃபிள் ஹவுஸ் குறியீடு’ பிறந்தது. முழு உணவுப் பட்டியலுடன் கடை திறந்திருந்தால் பச்சை. மின்சாரமோ சரக்கோ குறைந்து, சில உணவுகள் மட்டும் கிடைத்தால் மஞ்சள். கடை மூடியிருந்தால் சிவப்பு. 2009 முதல் 2017 வரை, ஃபெமா எனப்படும் மத்திய அவசரநிலை மேலாண்மை முகமைக்கு ஃபியூகேட் தலைமை வகித்தார். 2011 மே மாதம் மிசௌரியின் ஜாப்ளின் நகரைச் சுழற்காற்று சிதைத்து 150க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தபோது, அந்நகரின் இரண்டு வாஃபிள் ஹவுஸ் கடைகளும் திறந்தே இருந்தன. அந்தச் செய்தியோடு குறியீடும் நாடெங்கும் பரவியது.

இதில் மூடநம்பிக்கை ஏதுமில்லை. கடை திறந்திருக்கிறது என்றால் சாலை திறந்திருக்கிறது, தண்ணீர் வருகிறது, எரிவாயு இருக்கிறது, பணியாளர்கள் வீட்டிலிருந்து வந்து சேர முடிகிறது என்பதெல்லாம் அதனுள் அடக்கம். ஒரே ஒரு தகவலிலிருந்து ஊரின் நிலையை ஊகித்துவிடலாம்.

நிறுவனமும் இதற்காக உழைத்திருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. 2005இல் கத்ரீனா புயலின்போது நூற்றுக்கும் மேற்பட்ட கடைகளை மூட நேர்ந்தது. அதன் பிறகு, மின்சாரம் இல்லாமல் எரிவாயு மட்டும் இருந்தால் எதைச் சமைப்பது, தண்ணீர் இல்லாவிட்டால் எதைத் தவிர்ப்பது என்பன போன்றவற்றுக்கான வழிகாட்டி உருவாக்கப்பட்டது. நடமாடும் மின்னாக்கிகளும் கட்டுப்பாட்டு ஊர்தியும் வாங்கப்பட்டன. பாதிக்கப்பட்ட பகுதிகளுக்கு வெளியூர்க் கடைகளிலிருந்து பணியாளர் குழுக்களை அனுப்பும் வழக்கமும் ஏற்பட்டது. புயலுக்குப் பின் சூடான உணவு கிடைக்கும் முதல் இடம், மீட்புப் பணியாளர்களுக்கும் வீடிழந்தோருக்கும் எத்தகைய ஆறுதல் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால், குறியீட்டைப் பற்றிப் பேசும்போது மின்னாக்கிகளும் ஊர்திகளும் பேசப்படும் அளவுக்கு மனிதர்கள் பேசப்படுவதில்லை. புயலடித்த மறுநாள் காலையில் அடுப்படிக்கு வந்து நிற்பவரின் வீட்டுக் கூரையும் அதே புயலில் பறந்திருக்கக்கூடும்.

இரண்டு டாலர் பதின்மூன்று சென்ட்

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி ஒரு மணி நேரத்துக்கான குறைந்தபட்ச ஊதியம் 7.25 டாலர், 2009க்குப் பிறகு அது உயர்த்தப்படவே இல்லை. ஆனால், டிப்ஸ் பெறும் பணியாளர்களுக்கு இதுவும் பொருந்தாது. அவர்களுக்கு முதலாளி தரவேண்டிய குறைந்தபட்சத் தொகை மணிக்கு 2.13 டாலர் மட்டுமே. மீதியை வாடிக்கையாளர் தரும் டிப்ஸ் ஈடுகட்ட வேண்டும். ஈடுகட்டாவிட்டால் வித்தியாசத்தை முதலாளி தரவேண்டும் என்பது சட்டம். 2.13 என்ற இந்த எண் 1991 முதல் மாறவில்லை. அப்போது அது பொதுக் குறைந்தபட்ச ஊதியத்தில் பாதியாக இருந்தது. 1996இல் பொது ஊதியத்தை உயர்த்திய நாடாளுமன்றம், டிப்ஸ் பெறுவோரின் ஊதியத்தை மட்டும் அதிலிருந்து துண்டித்து அப்படியே உறையவிட்டது.

கலிபோர்னியா, வாஷிங்டன் உள்ளிட்ட ஏழு மாநிலங்கள் இந்த முறையை ஏற்கவில்லை. அங்கே டிப்ஸ் பெறுவோருக்கும் முழுக் குறைந்தபட்ச ஊதியம் உண்டு. ஆனால், வாஃபிள் ஹவுஸ் கடைகள் செறிந்திருக்கும் ஜார்ஜியா, அலபாமா, தென் கரோலினா, டென்னசி, மிசிசிப்பி, லூயிசியானா மாநிலங்களில் 2.13தான் சட்டம் கேட்கும் எல்லை.

டிப்ஸ் முறையில் காலையுணவுக் கடைகளுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. டிப்ஸ் என்பது உணவுத் தொகையின் விழுக்காட்டில் தரப்படுகிறது. 100 டாலர் இரவு விருந்துக்கு 15 விழுக்காடு என்றால் 15 டாலர். பத்து டாலர் வாஃபிளுக்கு அதே விழுக்காடு ஒன்றரை டாலர். மேசையைத் துடைப்பது, காபியை நிரப்புவது, தட்டைச் சுமப்பது எல்லாம் ஏறத்தாழ அதே உழைப்புதான். கடை எவ்வளவு மலிவானதோ, அவ்வளவுக்கு அங்கே பரிமாறுபவரின் வருமானமும் மலிவாகிறது. ஏழை வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் மலிவு விலையின் ஒரு பங்கை, அவரைவிட ஏழையான பணியாளரே சுமக்கிறார்.

2023 ஜூலையில் தென் கரோலினாவின் கொலம்பியா நகரில், வாஃபிள் ஹவுஸ் பணியாளர்கள் மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தனர். தொழிற்சங்கங்கள் வலுவற்ற தென்பகுதியில் அது அரிய நிகழ்வு. அவர்கள் கேட்டவை: ஊதிய உயர்வு, கடைகளுக்கு 24 மணி நேரப் பாதுகாப்பு, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் ஒவ்வொரு பணிநேரத்துக்கும் உணவுக்கெனப் பணம் பிடிப்பதை நிறுத்துவது. பாதுகாப்பு கேட்டது மிகைப்பட்ட கோரிக்கை அல்ல. 2018 ஏப்ரலில் நாஷ்வில் நகரின் புறப்பகுதியில் உள்ள கடையொன்றில் அதிகாலையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் நால்வர் கொல்லப்பட்டார்கள். இரவு முழுவதும் திறந்திருக்கும் கடைக்கு, மது விடுதிகள் மூடிய பின் போக்கிடமின்றித் திரிபவர்களும் வருவார்கள். அவர்களையும் எதிர்கொள்ள வேண்டியவர் அதே பரிமாறுநர்தான்.

முட்டைக்கு ஒரு நியாயம், உழைப்புக்கு ஒரு நியாயம்

2022இல் தொடங்கிய பறவைக் காய்ச்சலால் அமெரிக்கப் பண்ணைகளில் கோடிக்கணக்கான கோழிகள் அழிக்கப்பட்டன. 2025 மார்ச் மாதத்தில் ஒரு டஜன் முட்டையின் சராசரி விலை 6.23 டாலர் என்ற உச்சத்தைத் தொட்டது. அந்த ஆண்டில் நம் நாமக்கல்லிலிருந்து ஒரு கோடி முட்டைகள் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய செய்தியை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

காலையுணவுக் கடைக்கு முட்டை உயிர்நாடி. 2025 பிப்ரவரியில் வாஃபிள் ஹவுஸ், முட்டை ஒன்றுக்கு 50 சென்ட் கூடுதல் கட்டணம் விதித்தது. உணவுப் பட்டியலின் விலைகளை மாற்றாமல் தனிக் கட்டணமாக, வெளிப்படையாக அறிவித்தது. விலை இறங்கியதும் ஜூன் மாதத்தில் அதை நீக்கியது. வணிக நோக்கில் இது நேர்மையான நடைமுறை. வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்களே தவிரக் கடையைப் புறக்கணிக்கவில்லை. காரணம் கண்ணெதிரே இருந்தது, அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

இங்கேதான் என் கேள்வி எழுகிறது. முட்டையின் விலை உயர்ந்தபோது சில வாரங்களுக்குள் அதை வாடிக்கையாளரிடம் எடுத்துச்சொல்ல முடிந்த ஒரு தொழில், வாடகையும் மருத்துவச் செலவும் பள்ளிச் செலவும் உயர்ந்ததால் பணியாளரின் உழைப்புக்கான விலையும் உயர்ந்திருக்கிறது என்பதை ஏன் சொல்லவில்லை? முட்டையின் விலையைச் சந்தை தீர்மானிக்கிறது. மறுத்தால் முட்டை வராது. உழைப்பின் விலையை 1991இன் சட்டம் தீர்மானிக்கிறது. மறுத்தால் வேலை போகும். இதுவே வேறுபாடு.

2024இல் வாஃபிள் ஹவுஸ் ஓர் ஊதிய உயர்வை அறிவித்தது. பரிமாறுநரின் அடிப்படை ஊதியம் அந்த ஆண்டு ஜூனில் குறைந்தது 3 டாலராகி, படிப்படியாக 2026 ஜூனுக்குள் 5.25 டாலரை எட்டும் என்பது அந்த அறிவிப்பு. வேலைநிறுத்தத்தின் பயன் என்று தொழிலாளர்கள் மகிழ்ந்தார்கள். சட்டம் வற்புறுத்தாத ஒன்றைச் செய்ததற்காக நிறுவனத்தையும் பாராட்ட வேண்டும். ஆயினும், ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 1991இன் 2.13 டாலருக்கு இருந்த வாங்கும் திறன் இன்று வேண்டுமானால் ஏறத்தாழ 5 டாலர் தேவைப்படும். அதாவது, பெரும் முன்னேற்றமாகக் கொண்டாடப்படும் இந்த உயர்வு, ஒரு தலைமுறைக்கு முன்பு இருந்த இடத்துக்கே பணியாளரைத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறது.

வாஷிங்டன் தந்த தீர்வு வேறு. 2025 ஜூலையில் அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட வரிச் சட்டம், ஆண்டுக்கு 25,000 டாலர் வரையிலான டிப்ஸ் வருமானத்துக்கு 2028 வரை வருமான வரிக் கழிவு அளிக்கிறது. ‘டிப்ஸுக்கு வரி இல்லை’ என்ற முழக்கம் கேட்பதற்கு இனிமையானது. ஆனால், அந்த ஆண்டில் தனிநபர் ஒருவருக்கு 15,750 டாலர் வரை ஏற்கெனவே பொதுக் கழிவு உண்டு. அதற்குக் குறைவாகச் சம்பாதிக்கும் பகுதிநேரப் பரிமாறுநர், வருமான வரியே கட்டாதவர். இல்லாத வரியை நீக்குவதால் அவருக்கு எதுவும் கிடைக்காது. சமூகப் பாதுகாப்புக்காகச் சம்பளத்தில் பிடிக்கப்படும் வரியோ அப்படியே தொடர்கிறது. ஆடம்பர உணவகங்களில் நிறைய டிப்ஸ் பெறுபவருக்கே இதன் பயன் அதிகம். அதோடு, முதலாளி தரவேண்டியதைப் பற்றிய பேச்சு, அரசு எடுத்துக்கொள்வதைப் பற்றிய பேச்சாக நயமாக மாற்றப்பட்டுவிட்டது.

மறுதரப்பின் வாதத்தையும் எளிதில் தள்ளிவிட முடியாது. ஊதியம் உயர்ந்தால் விலை உயரும், டிப்ஸ் குறையும், கடைகள் மூடப்படும் என்கிறார்கள் உணவக உரிமையாளர்கள். 2024 நவம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் டிப்ஸ் பெறுவோருக்கும் முழுக் குறைந்தபட்ச ஊதியம் வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடந்தபோது மக்கள் அதை நிராகரித்தார்கள். எதிர்த்தவர்களில் பரிமாறுநர்களும் இருந்தார்கள். நல்ல டிப்ஸ் கிடைக்கும் இடங்களில் பழைய முறையே லாபம் என்பது அவர்களின் கணக்கு. டென்னிஸ் நிறுவனம் 2025இன் இறுதிக்குள் 150 கடைகளை மூடப்போவதாக 2024இல் அறிவித்ததும், இத்தொழில் எளிதான நிலையில் இல்லை என்பதையே காட்டுகிறது. ஆனாலும், முழு ஊதியம் கட்டாயமான கலிபோர்னியாவிலும் பான்கேக் கடைகள் இயங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. விலை சற்றுக் கூடலாம். முட்டைக்கு 50 சென்ட் கூடுதலாகத் தந்த வாடிக்கையாளர், மனிதருக்காக அதைத் தரமாட்டார் என்று முன்கூட்டியே முடிவு கட்டுவது சரியல்ல.

குறியீட்டில் இல்லாத நிறம்

இந்த விவாதம் கடையோடு முடிந்துவிடவில்லை. 2025 ஜனவரியில் ஃபெமாவை மறு ஆய்வு செய்ய அதிபர் டிரம்ப் ஒரு குழுவை அமைத்தார். புயல் பருவத்துக்குப் பின் அந்த முகமையின் பங்கைக் குறைத்து, பேரிடர்ப் பொறுப்பை மாநிலங்களிடம் விட விரும்புவதாக ஜூன் மாதத்தில் சொன்னார். மத்திய அரசு பின்வாங்கும் அளவுக்கு, மாநிலங்களும் அண்டை வீட்டாரும் தனியார் நிறுவனங்களும் அந்த இடத்தை நிரப்ப வேண்டியிருக்கும். வேடிக்கையாகத் தொடங்கிய ஒரு குறியீடு, நிஜமாகவே சார்ந்திருக்க வேண்டிய ஒன்றாக மாறும் அபாயம் இதில் இருக்கிறது.

கடை திறந்திருப்பது ஒரு வணிக முடிவு. பொதுச்சேவைக்கான உறுதிமொழி அல்ல. 2020 மார்ச்சில் கரோனா பரவி வாடிக்கையாளர் வரத்து நின்றபோது, புயலுக்கு அசையாத அதே வாஃபிள் ஹவுஸ் நானூறுக்கும் மேற்பட்ட கடைகளை மூடியது. அதில் குற்றம் காண்பதற்கில்லை. விற்பனை இல்லாமல் எந்தக் கடையும் இயங்காது. ஆனால், அன்று டிப்ஸை நம்பியிருந்தவர்களுக்கு ஊதியமும் போயிற்று, டிப்ஸும் போயிற்று. அரசு செய்ய வேண்டியதை வணிகம் செய்யும். வணிகத்தால் தாங்க முடியாததை அதன் கடைநிலைப் பணியாளர் தாங்குவார் என்பதே இந்த ஏற்பாட்டின் உள்ளடக்கம்.

பேரிடரிலிருந்து ஒரு சமூகம் மீண்டெழும் திறனை அளக்க வாஃபிள் ஹவுஸ் குறியீடு நல்ல கருவி என்பதில் எனக்கு ஐயமில்லை. அதன் குறை, அது கதவை மட்டும் பார்க்கிறது என்பதுதான். அன்று காலை கதவைத் திறந்தவர் எத்தனை மைல் கடந்து வந்தார், பிள்ளைகளை யாரிடம் விட்டு வந்தார், அன்றைய வருமானத்தில் கூரையைச் சரிசெய்ய இயலுமா என்ற கேள்விகளுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு ஆகிய மூன்றில் எதுவும் விடை சொல்வதில்லை. கடை பச்சையாகவும் பணியாளரின் வாழ்வு சிவப்பாகவும் இருக்கும் ஊரை, மீண்டெழுந்த ஊர் என்று சொல்லிவிட முடியுமா?

செய்ய வேண்டியது சிக்கலானதும் அல்ல. 2.13 என்ற எண்ணைச் சட்டத்திலிருந்து நீக்கி, டிப்ஸ் பெறுவோரின் ஊதியத்தைப் பொதுக் குறைந்தபட்ச ஊதியத்தோடு மீண்டும் இணைக்க வேண்டும். பேரிடர்க் காலத்தில் பணிக்கு வருவோருக்குச் சிறப்பு ஊதியமும், வர இயலாதோருக்கு வேலைப் பாதுகாப்பும் சட்டத்தால் உறுதிசெய்யப்பட வேண்டும். ஏழு மாநிலங்களால் முடிந்த முதலாவது, மற்றவற்றால் முடியாது என்பதற்கில்லை. இரண்டாவதை, அந்தக் கடைகளின் திறந்த கதவைத் தன் அளவுகோலாகப் பயன்படுத்திக்கொண்ட அரசு, ஒரு கடனாகவே கருத வேண்டும்.

அந்த நள்ளிரவில் ஜார்ஜியாவில் எனக்குப் பரிமாறிய பெண்ணிடம், ‘இந்த நேரத்திலும் திறந்திருக்கிறீர்களே!’ என்று வியந்து சொன்னேன். அவர் சிரித்துவிட்டுக் காபியை நிரப்பினார். உணவுத் தொகையில் 15 விழுக்காட்டைக் கணக்கிட்டு வைத்துவிட்டு, முறையாக நடந்துகொண்ட நிறைவோடு வெளியேறினேன். கடை திறந்திருப்பதை வியந்த எனக்கு, அதைத் திறந்து வைத்திருப்பவருக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்க அன்று தோன்றவில்லை. அந்தக் கேள்வியைத்தான் இப்போது கேட்கிறேன்.